அந்த ஒரு ‘ஆனா’

காஜாக்காவைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இல்லை. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்; பாதி படித்துவிட்டு யாரும் என் மேல் பாய வேண்டாம். ஐம்பத்திரண்டு வருட வாழ்க்கையில் அவர் ஒரே ஒரு தடவைதான் ஒரு பெரிய காரியம் செய்யப் புறப்பட்டார். அதைக் கெடுத்த புண்ணியவதி நான்தான். வேறு யாராவது எழுதினால் அந்த இடத்தை மட்டும் நாசூக்காகத் தாண்டிப் போய்விடுவார்கள் என்பதால் நானே உட்கார்ந்து எழுதுகிறேன்.

சட்டையில் பட்டன் நுழைகிற ஓட்டைக்குத் தையல்காரர்கள் வைத்த பெயர் காஜா. முப்பத்தோரு வருடமாக அக்கா செய்கிற வேலை அதுதான். ஆடைத் தொழிற்சாலையில் ஒரு நீளமான கூடம். தலைக்கு மேல் வரிசையாகக் குழல் விளக்குகள். இருநூறு மெஷின்கள் ஒரே நேரத்தில் கத்தும். அந்தச் சத்தத்துக்கு நடுவே கடைசி வரிசையில், ஜன்னல் ஓரமாக, மெஷின் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர் காஜாக்கா. சாதாரணச் சட்டைக்கெல்லாம் மெஷினே காஜா போட்டுவிடும். விலை கூடின கோட்டுக்கு மட்டும் கையால் போட வேண்டும். அக்கா சாக்கட்டியால் கோடு போடுவார், அதன் மேல் பட்டனை வைத்துப் பார்ப்பார், சுற்றி ஒரு தையல் ஓட்டுவார், மறுபடியும் பட்டனை வைத்துப் பார்ப்பார். அப்புறம்தான் பிளேடை எடுப்பார். நான்கு கோட் முடிய வேண்டிய நேரத்தில் மூன்றுதான் முடியும். மேற்பார்வையாளர் வந்து கத்துவார்.

“வெட்டிட்டா வெட்டினதுதானே சார்? ஒட்டவா முடியும்?” என்று தலையை நிமிர்த்தாமல் பதில் சொல்வார் அக்கா.

இதுவரை ஒரு கோட்டுகூட அவர் கையில் வீணானதில்லை என்று அந்த மேற்பார்வையாளரே என்னிடம் சொன்னார். நான் அங்கே பல தடவை போயிருக்கிறேன். அக்கா என்னை வரச் சொன்னதில்லை. போகவும் சொன்னதில்லை.

ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று பக்கத்து இருக்கைப் பெண்கள் கேட்டால், “பட்டன் எல்லாம் வந்துச்சுடி, ஒண்ணுகூட அளவு சரியில்லை, திருப்பி அனுப்பிட்டேன்” என்பாராம். உண்மையான காரணம் தம்பி. அவனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவர்கள் அம்மா ஏதோ சின்ன ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார், திரும்பி வரவில்லை. இருபது வயது அக்கா அன்றிலிருந்து அவனுக்கு அம்மா ஆகிவிட்டார். மூக்கு சிந்திவிட்டது, பள்ளிக்கூடம் அனுப்பியது, வேலையில் சேர்த்தது, கல்யாணம் செய்துவைத்தது எல்லாம் அவர்தான். கல்யாணமான இரண்டாம் வருடம் ஒரு காலையில், வீட்டில் இடம் போதவில்லை என்று, தம்பி அக்காவின் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருவில் வைத்தான். அக்கா அதை எடுக்க வெளியே வந்ததும் கதவைச் சாத்தினான்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் பேச்சே இல்லை. அக்கா இரண்டு தெரு தள்ளி மாடியில் ஓர் அறை பிடித்துக்கொண்டார். ஒரு கட்டில், அந்த மெஷின், சுவரில் ஒரு சின்ன மரச் சிலுவை, ஒரு கால் ஆடுகிற நாற்காலி. வேலைக்குப் போக இரண்டு வழி உண்டு. தினமும் தம்பி வீட்டு வாசல் வழியாகத்தான் போவார். “உனக்கு ரோஷமே இல்லையாக்கா? சுத்திப் போனா என்ன?” என்று தோழிகள் திட்டினால், “அவன் வீட்ல ஜன்னல் திறந்திருக்கான்னு பார்த்துக்கிட்டுப் போறேன். உங்களுக்கு எங்கே வலிக்குது?” என்பார்.

அந்தத் தம்பிக்குத்தான் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் படுத்து ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டிய நிலைமை. அவன் அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் மனைவிதான் மாடி ஏறி வந்து, வாசலிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அக்கா அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மறுநாள் தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு, எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். அளந்து தைத்த மாதிரி பொருந்தியது.

இனி என் கதை. சிறுநீரகம் கொடுக்க வருகிறவர்களைத் தனியாக உட்காரவைத்து, கதவைச் சாத்தி, யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்பது என் வேலை. ஆஸ்பத்திரியில் எனக்கு ‘கேள்வி மேடம்’ என்று பெயர். என் அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, பாதி மறைக்கிற பால் கண்ணாடிக் கதவு. கொடுக்க மனமில்லை என்று யாராவது சொன்னால் அது அந்த அறையை விட்டு வெளியே போகாது. வீட்டாரிடம், “உடம்பு பொருந்தலை” என்று மட்டும் சொல்லிவிடுவோம். உண்மை எனக்கும் பெரிய டாக்டருக்கும்தான் தெரியும். பொய்தான். ஆனால் எத்தனையோ பெண்களை அடி உதையிலிருந்து காப்பாற்றிய பொய்.

ஒரு தடவை ஒரு மருமகள் சிரித்துக்கொண்டே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தேன். ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாள், கட்டு மாற்றும்போது அவள் கையில் பழைய சூட்டுத் தழும்புகளை நர்ஸ் பார்த்தாள். கொடுக்காவிட்டால் பிள்ளையைக் கண்ணில் காட்ட மாட்டோம் என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்கள். அன்றைக்கு நான் கழிப்பறையில் போய் உட்கார்ந்து அழுதேன். இனிமேல் என்னை ஏமாற்றிவிட்டு ஒருத்தி உள்ளே போகட்டும் பார்க்கலாம் என்று ஒரு வீம்பு என்னைப் பிடித்துக்கொண்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் சபைக்குப் போகிறவள். குரல் நன்றாக இருக்கிறது என்று, ஆண்டவர் பட்ட பாடுகளை வாசிக்கிற நாளில் தோட்டத்து ஜெபத்தை எப்போதும் என் கையில்தான் கொடுப்பார்கள். சிலுவையில் அறைய அவரைப் பிடித்துக்கொண்டு போவதற்குச் சற்று முன்பு, அவர் தரையில் முகங்குப்புற விழுந்து, முடிந்தால் இது எனக்கு வேண்டாமே என்று தகப்பனிடம் கெஞ்சுகிற இடம். அடுத்த மூச்சிலேயே, ஆனாலும் நான் நினைப்பது போல வேண்டாம், நீர் நினைப்பது போலவே ஆகட்டும் என்று தன்னைக் கொடுத்துவிடுகிற இடம். பதினேழு வருடமாக வாசிக்கிறேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் எல்லாம் எனக்கு அத்துப்படி. கேட்டு அழுதவர்கள் இருக்கிறார்கள்.

அக்காவை நான் விசாரிக்க வேண்டிய நாளில் அவரோடு தம்பி மனைவியும் உள்ளே வந்துவிட்டாள். நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவளே முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

“அண்ணிக்கு முழுச் சம்மதம் மேடம். சந்தோஷமா குடுக்கறாங்க.”

“நான் உங்களைக் கேட்டேனாம்மா? கொஞ்சம் வெளியே உட்காருங்க.”

கதவைச் சாத்தினேன். அவள் உட்காரவில்லை, அவள் நிழல் கண்ணாடியிலேயே நின்றது. எனக்கு அப்போதே பொறி தட்டிவிட்டது.

“தம்பி உங்களை வீட்டை விட்டு அனுப்பினாராமே, உண்மையா?”

“உண்மைதாங்க.”

“ஒன்பது வருஷமா உங்ககூடப் பேசலை.”

“பேசலை.”

“இப்ப தேவைன்னதும் ஆள் வந்துடுச்சு.”

“அவன் அனுப்பலை மேடம். அவளா வந்தா.” அக்கா விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளேடு பட்டுப் பட்டுத் தோல் தடித்துப்போன விரல்கள். “எனக்குக் கத்தின்னா பயம். அதை உங்ககிட்ட சொல்லலாமா?”

“நாள் முழுக்க பிளேடு பிடிக்கிறவங்க நீங்க, உங்களுக்கா பயம்?”

“துணிக்கு வலிக்காதுங்களே.”

இரண்டு பேரும் சிரித்தோம். நான் படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். என் சிறுநீரகத்தை முழு விருப்பத்துடன் கொடுக்கிறேன் என்று அச்சடித்திருக்கும். பக்கத்தில் இரண்டு கட்டம்: விருப்பம் உண்டு, விருப்பமில்லை. அக்கா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக்கொண்டு வந்தவர், ‘விருப்பத்துடன்’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டார்.

“விருப்பம்னா என்னங்க? பிடிச்சுப்போய் செய்யறதா?”

“ஆமாம்மா. நீங்களா மனசார ஆசைப்பட்டுச் செய்யறது.”

இந்த விளக்கத்தை நான் எந்த அகராதியில் படித்தேனோ! அக்கா ரொம்ப நேரம் அந்தச் சொல்லையே பார்த்தார்.

“எனக்குப் பொய் சொல்ல வராது மேடம். எங்கம்மா போன மாதிரியே நானும் போயிடுவேனோன்னு பயமா இருக்கு. ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்குது. வேற ஏதாவது வழி இருந்தா இது வேண்டாமேன்னு தினமும் மண்டி போட்டு அழறேன். விருப்பமான்னு கேட்டீங்கன்னா, விருப்பம் இல்லைங்க. ஆனா…”

“போதும்மா,” என்றேன்.

சொன்னதோடு நிற்கவில்லை. எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “நீங்க ஒண்ணுமே சொல்ல வேண்டாம். எனக்குப் புரிஞ்சுடுச்சு. நான் பார்த்துக்கறேன்.”

“கையெழுத்து போட வேண்டாமா?”

“இன்னைக்கு வேண்டாம். நீங்க பயப்படாம போங்க.”

அவர் முகம் தெளிந்தது. பயப்படாதே என்று சொல்லக்கூட அவருக்கு ஒரு ஆள் இருந்ததில்லை போலிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க இருக்கீங்கல்ல, அது போதும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். சின்ன வயதில் எங்கள் வீட்டில் என்னை முந்திரிக்கொட்டை என்பார்கள். யார் பேசினாலும் முடிக்க விடமாட்டேன், நானே முடித்துவைப்பேன். கதவு மூடினதும் ‘விருப்பமில்லை’ என்ற கட்டத்தில் குறி போட்டேன். குடும்பத்தாரின் வற்புறுத்தல் என்று கீழே எழுதினேன். எழுத்து அன்றைக்கு மணி மணியாக வந்தது.

பெரிய டாக்டர் படித்துப் பார்த்து, “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று கையெழுத்துப் போட்டார். மறுநாள் நடைபாதையில் மூன்று பேரையும் நிற்கவைத்து, உடம்பு பொருந்தவில்லை என்று சொன்னேன். தம்பியை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். சக்கர நாற்காலியில், முகமெல்லாம் வீங்கி, குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

“என்ன பொருந்தலை மேடம்?” என்று கேட்டார் அக்கா. “நேத்து வரைக்கும் எல்லாம் சரின்னாங்களே?”

“உள்ளே சில விஷயங்கள்மா. சொன்னா புரியாது.”

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. என்னமாய் நடிக்கிறார், இந்த அம்மாவை என்னவோ என்று நினைத்தோமே என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்! கூட்டத்தில் யாருக்கும் தெரியாமல் அவர் கையை ஒரு தடவை அழுத்தினேன். நமக்குள் ரகசியம் என்று அர்த்தம். அவர் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டு, என் கையைத் திருப்பி அழுத்தினார். இதை நினைத்தால் இன்றைக்கும் என் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

நாற்பத்து மூன்றாம் நாள் தம்பி செத்துப்போனான். ரத்தம் சுத்தம் செய்யக் கழுத்தில் போட்டிருந்த குழாய் வழியாகத் தொற்று ஏறி, மூன்றே நாளில் முடிந்துவிட்டது. ஆபரேஷன் நடந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று பெரிய டாக்டர் பிற்பாடு என்னைத் தேற்றினார். அவர் சொல்வது நியாயமாக இருக்கலாம். ஆனால் நடந்திருக்கும். அக்கா கொடுத்திருப்பார், அவன் வாங்கியிருப்பான். அந்த ஒன்று உறுதியாக நடந்திருக்கும்.

அவன் போய் மூன்று வாரம் கழித்து, நடுப்பகலில், என் கதவை யாரோ தட்டினார்கள். அக்கா. சாப்பாட்டு நேரத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். தோளில் நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தார். கோபமாக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கையில் மடித்து வைத்திருந்த ஒரு துண்டுக் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். வெற்றுக் காகிதம்.

“எனக்கு என்ன குறைன்னு இதுல எழுதிக் குடுங்க மேடம். அந்தக் குறைக்கு ஒரு பேரு இருக்குமில்ல? அந்தப் பேரு மட்டும் போதும்.”

“எதுக்கும்மா?”

“அவன் கல்லறையில போய்ச் சொல்லணும்.”

அவர் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

“நீங்க பொருந்தலைன்னு சொன்ன அன்னைக்கு, வாசல்ல வண்டி ஏறும்போது, ‘நம்ம வீட்டுக்கு வாக்கா’ன்னான். ஒன்பது வருஷம் கழிச்சு. போனேன். நாற்பத்து மூணு நாளும் அவன் பக்கத்துலயே இருந்தேன். கடைசி நாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘நிஜமாவே பொருந்தலையாக்கா? இல்ல, நான் உனக்குப் பண்ணினதுக்கு…’ அப்படின்னு இழுத்தான். ‘அப்படியே இருந்தாலும் தப்பில்லக்கா, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்’னான். ‘சத்தியமா பொருந்தலைடா’ன்னேன். ‘என்ன பொருந்தலை?’ன்னு கேட்டான். எனக்குப் பேரு தெரியலை. திருதிருன்னு முழிச்சேன். அவன் சிரிச்சான் மேடம். போனாப் போகுதுன்னு என்னை மன்னிச்சுவிட்ட மாதிரி சிரிச்சான். நான் செய்யாத தப்புக்கு என்னை மன்னிச்சுட்டுப் போயிட்டான்.”

காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். “பேரு இல்லாம சொன்னா சாக்கு சொல்ற மாதிரியே இருக்கு. எழுதிக் குடுங்க.”

எனக்கு நூறு நோயின் பெயர் தெரியும். வாயில் நுழையாத ஒரு பெயரை எழுதிக் கொடுத்திருந்தால் அதைப் பத்திரமாக மடித்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார். விதிமுறையும் அதைத்தான் செய்யச் சொல்கிறது. பேனாவைக் கையில் எடுத்தும் விட்டேன். என்னால் முடியவில்லை.

“குறை ஒண்ணும் இல்லைக்கா,” என்றேன். அவரை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“அப்படின்னா?”

“எல்லாம் பொருந்திச்சு. நான்தான்… நீங்க விருப்பம் இல்லைன்னு சொன்னதும், உங்களைக் கட்டாயப்படுத்திக் கூட்டி வந்திருக்காங்கன்னு நினைச்சு, வேண்டாம்னு எழுதிட்டேன். வீட்ல உங்களைத் திட்டக் கூடாதுன்னு பொருந்தலைன்னு சொன்னோம். அது பொய்.”

அவருக்குப் புரியவில்லை. அலமாரியைத் திறந்து அந்தப் படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நான் போட்ட குறி, நான் எழுதிய வரி எல்லாவற்றையும் விரலை நகர்த்தி நகர்த்திப் படித்தார். படித்து முடித்ததும் எழுந்துவிட்டார்.

“ஆனான்னு சொன்னேனே! ஆனான்னேனே மேடம்! உங்க காதுல விழலையா?”

“விழுந்துச்சுக்கா.”

“அப்புறம் ஏன்?”

“அதுக்கப்புறம் என்ன வரும்னு எனக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

“என் வாயை அடைக்க நீங்க யாருங்க? என் ஒடம்பு, என் தம்பி, நடுவுல நீங்க யாரு?” கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிழல்கள் கூடிவிட்டன. அவர் கவலைப்படவில்லை. மேஜையை இரண்டு கையாலும் அடித்தார். “என் கொழந்தைங்க அவன்! நான் குளிப்பாட்டி விட்ட கொழந்தை! ஐயோ, நான் வெச்சுக்கிட்டே இல்லைன்னுட்டேனே! இதோ, இங்கேதான் இருக்கு, இன்னும் எங்கிட்டயே இருக்கே!” என்று தன் இடுப்பில் அடித்துக்கொண்டு அழுதார். அப்படி ஓர் அழுகையை நான் அதுவரை கேட்டதில்லை. நான் அழுததை எழுதப்போவதில்லை. அன்றைக்கு அந்த அறையில் அழுவதற்கு உரிமை அவர் ஒருத்தருக்குத்தான் இருந்தது.

எவ்வளவு நேரம் ஆனதோ. அடங்கி உட்கார்ந்தவர், என் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையைப் பார்த்தார்.

“அவருக்கு மட்டும் விருப்பமாவா இருந்துச்சு?” என்றார்.

எனக்கு அப்போதுதான், அந்த நிமிடத்தில்தான், உறைத்தது. பதினேழு வருடமாக நான் நிறுத்தி, குரலை இறக்கி, எல்லாரையும் அழவைத்து வாசித்த அதே வார்த்தைகளை ஒரு காஜா போடுகிற பெண் என் எதிரில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். நான் முதல் பாதியிலேயே புத்தகத்தை மூடிவிட்டேன்.

“பயந்துதானே போயிருந்தாரு? வேர்த்துக் கொட்டி, வேண்டாமேன்னுதானே கெஞ்சினாரு? பிடிச்சுப்போயா சிலுவையில ஏறுவாங்க யாராவது? ஆனா அவரை யாரும் இழுத்துட்டுப் போகலை மேடம். நினைச்சிருந்தா தப்பிச்சுப் போயிருக்கலாம், இருட்டுதான், தோட்டம்தான். அவரே எழுந்து, இதோ நான்தான்னு அவங்க எதிர்ல போய் நின்னாரு. அன்னைக்கு அங்க உங்கள மாதிரி ஒரு நல்ல மனுஷி இருந்து, ஐயோ பாவம், இவருக்கு இஷ்டமில்லைன்னு எழுதிக்கிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பி வெச்சிருந்தா நம்ம கதி என்ன? என் தம்பி இப்ப எதைப் பிடிச்சுக்கிட்டுப் போயிருப்பான்? நான் குடுக்கலை. அவரு குடுத்துட்டாரு. அந்த ஒண்ணை வெச்சுக்கிட்டுத்தான் நான் இன்னும் மூச்சு விடறேன்.”

“என்னை மன்னிச்சுடுங்க” என்று கேட்க வாய் வரவில்லை. தம்பி மன்னித்த கதையைச் சற்று முன்புதான் கேட்டிருந்தேன்.

“அவருகிட்டயும் ஒருத்தர் சொன்னாரு,” என்றார் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “கூடவே இருந்த சீஷன்தான். உங்களுக்கு இப்படியெல்லாம் வரக்கூடாது ஆண்டவரேன்னு தனியா கூட்டிட்டுப் போய்க் கடிஞ்சுக்கிட்டாரு. ஆசையாலதான் சொன்னாரு. ஆசையா வழியை மறிச்சாலும் மறிச்சது மறிச்சதுதானே? அவருக்கு வந்துச்சு பாருங்க கோபம்! எனக்குப் பின்னால போன்னுட்டாரு.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “பின்னால போன்னுதான் சொன்னாரு. போயிடுன்னு சொல்லலை.”

அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. நானும் அதற்கு மேல் கேட்டதில்லை. அவ்வப்போது போய், தொழிற்சாலை ஜன்னல் ஓரத்தில், அவருக்கு ஓர் அடி பின்னால், ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டு வருவேன்.

அன்றைக்கு அவருக்கு வேலைக்குத் திரும்ப நேரமாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெற்றுக் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டார். பிறகு படிவத்தைக் காட்டினார்.

“இதுல நான் சொன்னது பாதிதான் இருக்கு. மீதியை எழுதுங்க.”

நான் ‘விருப்பமில்லை’ என்ற குறியை அடிக்கப் போனேன்.

“அதை அடிக்காதீங்க. அது நான் சொன்னதுதான். பக்கத்துல எழுதுங்க.”

பக்கத்தில் ‘ஆனா’ என்று எழுதினேன். அவர் வாயைத் திறப்பதற்குள் என் கை தானாக ஓடி, ‘கொடுத்திருப்பேன்’ என்று முடித்துவிட்டது. முந்திரிக்கொட்டை, செத்தாலும் திருந்தாது.

அக்கா விரலை நகர்த்திப் படித்துவிட்டு, அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டார்.

“பாருங்க, மறுபடியும் முந்துறீங்க. குடுத்திருப்பேன்னு நான் சொல்லவே இல்லையே. அதை அடிச்சுட்டு, நான் அன்னைக்குச் சொல்ல வந்ததை எழுதுங்க.”

அடித்தேன். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

“குடுக்கறேன்,” என்றார்.

எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துச் சரிபார்த்துவிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.